சுவேத நதியில தொடங்கி கொடுவா வரைக்கும்: ஒரு துடுப்புப் பயணத் திட்டம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோட் கடைசில போகிற போக்குல ஒரு வார்த்தை சொன்னேன். "அடுத்து ஆத்துல ஒரு டிரிப் போடலாம்னு இருக்கோம், காயாக், தூண்டில் ரெண்டும் சேர்த்து." அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். எங்க, எப்ப, நாங்களும் வரலாமா? அதனால இன்னைக்கு அந்தத் திட்டத்தையே பேசிடலாம். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நாங்க போட்ட முதல் திட்டம் தப்பு. கொஞ்சம் தப்பு இல்ல, ஆளையே காவு வாங்கியிருக்கக்கூடிய தப்பு. அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன்.

ஆரம்பம் இப்படித்தான். என்கூட சென்னைல வேலை பார்க்கிற ஃபிரண்டு ஒருத்தன், ராத்திரி முழுக்க அமெரிக்கக்காரங்க பாஸ் மீன் பிடிக்கிற வீடியோ பார்க்கிற ஆளு. காலையில மூடுபனி, கண்ணாடி மாதிரி தண்ணி, ஒரு சின்னப் படகு, ஒரு வீச்சு, மீன் எகிறிக் குதிக்குது. "நாமளும் இப்படிப் போகணும்டா. உங்க ஊர்ல ஆறு இருக்குல்ல?" அப்படின்னான். எங்க ஊர் தம்மம்பட்டி. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவுல இருக்கு. ஆறும் இருக்கு, சுவேத நதி. நான் "இருக்கு"ன்னு சொல்லிட்டேன். பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல.

மாமாவுக்கு போன் போட்டேன். தம்மம்பட்டி மரச்சிற்பம் கேள்விப்பட்டிருப்பீங்க, புவிசார் குறியீடு வாங்கினது. மாமா அந்த வேலைதான். வாகை மரத்துல சாமி, யாளி, கோயில் வாகனம் எல்லாம் செதுக்குவார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம், "மாப்ள, படகு விடறதெல்லாம் சரி. தண்ணிய நீ சென்னைலருந்து கொண்டு வந்துருவியா?"ன்னு கேட்டார்.

அதுதான் நிலவரம். சுவேத நதி கொல்லிமலையில பிறந்து கிழக்கே வர்ற ஆறு. வருஷத்துல பெரும்பாலான நாள் அது மணலும் சீமைக்கருவேலமும்தான். வடகிழக்குப் பருவமழை, அதாவது ஐப்பசி கார்த்திகையில, மலையில நல்ல மழை கொட்டினா தண்ணி வரும். வந்தா சில நாள் ஓடும். அப்புறம் இறங்கிடும். மேற்கத்திய வீடியோல பார்க்கிற மாதிரி வருஷம் பூரா ஒரே அளவா ஓடுற ஆறு நம்ம சேலம் நாமக்கல் சமவெளியில காவிரி ஒண்ணைத் தவிர கிடையாது. காவிரியும் இப்ப தானா ஓடுறதில்ல, நாம திறந்து விட்டாத்தான் ஓடுது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

மழை வரட்டும்னு காத்திருந்தோம். போன கார்த்திகையில ரெண்டு நாள் விடாம பெஞ்சது. மூணாம் நாள் காலையில மாமா கூப்பிட்டார், "ஆத்துல தண்ணி வந்துருச்சு மாப்ள." அவ்வளவுதான், காத்தடிக்கிற காயாக்கை மடிச்சு டிக்கில போட்டுக்கிட்டு நாங்க மூணு பேர் கிளம்பிட்டோம். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, தலைவாசல், அங்கருந்து வீரகனூர் வழியா ஊருக்கு. போய்ச் சேரும்போது மதியம்.

ஆறு செம்மண் நிறத்துல கரை தொட்டு ஓடுது. பார்க்கவே சந்தோஷம். நான் சின்ன வயசுல பார்த்ததுக்கு அப்புறம் இப்பத்தான் அப்படிப் பார்க்கிறேன். ஊர்ல பாதிப்பேர் கரையில நிக்கிறாங்க, செல்ஃபி, மிளகாய் பஜ்ஜி, திருவிழா மாதிரி. நாங்க பம்ப் வச்சுப் படகை ஊத ஆரம்பிச்சோம். நாங்க இறங்கலாம்னு பார்த்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு தடுப்பணை. உயரம் ஒரு ஆள் இடுப்பளவுதான். மேல தண்ணி வழவழன்னு கண்ணாடி மாதிரி வழிஞ்சு, கீழே நுரையா விழுது. ஃபிரண்டு சொன்னான், "சின்ன டிராப்புதான்டா, சூப்பரா தாண்டிரலாம்." எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அருவின்னா பயம் வரும். இது அருவி இல்லையே.

மாமா ஒண்ணும் பேசல. பக்கத்துத் தோப்புல கிடந்த ஒரு நெத்துத் தேங்காய எடுத்துட்டு வந்து, அணைக்கு மேல ஓட்டத்துல போட்டார். தேங்காய் மிதந்து வந்துச்சு, வழிஞ்சு விழுந்துச்சு, நுரைக்குள்ள போச்சு. கொஞ்சம் தள்ளி மேல வந்துச்சு. வந்தது கீழ போகல. திரும்பி அணையைப் பார்த்தே போச்சு. விழுற தண்ணிக்கு அடியில மறுபடி முங்குச்சு. மறுபடி தள்ளி எழும்புச்சு. மறுபடி திரும்புச்சு. பத்து நிமிஷம் பார்த்தோம். அந்தத் தேங்காய் அங்கேயே சுத்திக்கிட்டிருக்கு. மாமா கேட்டார், "இப்பச் சொல்லு மாப்ள, அதுக்கு நீச்சல் தெரியாதுன்னா அப்படிச் சுத்துது?"

இது ஏன் நடக்குதுன்னு அப்புறமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தடுப்பணை மேலிருந்து விழுற தண்ணி நேரா தரைக்குப் போயிடுது. அடியில கொஞ்ச தூரம் ஓடி மேல கொப்பளிக்குது. அந்தக் கொப்பளிக்கிற இடத்துலருந்து மேல்தண்ணி ஒரு பங்கு பின்னாடி, அணையை நோக்கியே திரும்புது. ஆக அணைக்கும் அந்தக் கொப்பளிப்புக்கும் நடுவுல ஒரு உருளை மாதிரி, கரைக்குக் கரை நீளத்துக்கு, தண்ணி படுத்துக்கிட்டுச் சுத்துது. உள்ள மாட்டின எதையும் அது சுலபமா வெளிய விடாது. இன்னொரு விஷயம், அங்க தண்ணி பாதி, காத்துக் குமிழி பாதி. நுரைத்தண்ணி நம்மளைத் தாங்காது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் நினைச்ச அளவு மிதக்க முடியாது. வெளிநாட்டுல மீட்புப் பணி ஆளுங்க இந்த மாதிரி குட்டை அணைகளுக்கு 'மூழ்கடிக்கிற மெஷின்'னு பேரே வச்சிருக்காங்க. காப்பாத்தப் போனவங்களும் சேர்ந்து போன கதைகள் உண்டு.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, தமிழ்நாட்டுல எந்தச் சின்ன ஆத்தை எடுத்தாலும் சில கிலோமீட்டருக்கு ஒரு தடுப்பணை இருக்கும். நிலத்தடி நீருக்கு நல்லது, விவசாயிக்கு நல்லது. படகுல வர்றவனுக்கு மேலருந்து பார்த்தா அது கண்ணுக்கே தெரியாது. ஒரு நேர்கோடு மட்டும் தெரியும், அதுக்கு அந்தப் பக்கம் தண்ணி இருக்கிறது தெரியாது. அந்தக் கோடு தெரிஞ்சா கரைக்கு ஒதுங்கு, படகைத் தூக்கிட்டு நட. எங்க குரூப்ல இப்ப இதுதான் முதல் சட்டம். கூகுள் மேப்ல சாட்டிலைட் படம் வச்சு மொத்தப் பாதையையும் முன்னாடியே பார்த்து, ஒவ்வொரு அணையையும் பாலத்தையும் குறிச்சுக்கிறோம்.

சரி, அன்னைக்கு ஆத்துல இறங்கல. மறுநாள் பக்கத்துல ஒரு ஏரிக்குப் போனோம். ஏரின்னா உடனே தூண்டில் போட்டுற முடியாது. நம்ம ஊர்ல பெரும்பாலான ஏரி மீன் பாசி ஏலத்துல போயிருக்கும், ஒரு குத்தகைக்காரர் இருப்பார். அவர் காசு போட்டுக் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருப்பார். கேட்காம தூண்டில் போட்டா அது திருட்டுதான். கேட்டோம். "என்ன மீனு வேணும் உங்களுக்கு?"ன்னார். விரால்னோம். "கெண்டைய விட்டுருங்க, விரால் நான் விட்டதில்ல, அதுவா வந்தது, முடிஞ்சா பிடிச்சுக்கங்க"ன்னு சிரிச்சார்.

இப்ப அந்த பாஸ் விஷயம். அமெரிக்க வீடியோல வர்ற அந்த பாஸ் மீன் நம்ம ஆத்துல கிடையாது. நன்னீர்ல அதோட இடத்துல இருக்கிறது விரால்தான். செடி மறைவுல ஒளிஞ்சு நின்னு, மேல போற தவளையை ஒரே பாய்ச்சல்ல அடிக்கும். அதனாலதான் கடையில விக்கிற ரப்பர் தவளை இங்க நல்லா வேலை செய்யுது. எங்க ஊர்ப் பசங்க அதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே நரம்பு, முள், உயிர்த் தவளை வச்சு இதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தாங்க.

ஏரியில அன்னைக்கு ஒரு இடத்துல தண்ணி மேல செவப்பா ஒரு பந்து மாதிரி நகர்ந்துச்சு. விரால் குஞ்சுக் கூட்டம். விரால் மத்த மீன் மாதிரி முட்டை போட்டுட்டுப் போற ஜாதி இல்ல. தாயும் தகப்பனும் அடியிலயே நின்னு குஞ்சுகளைக் காவல் காக்கும். அந்தக் கூட்டத்து மேல எது விழுந்தாலும் பாய்ஞ்சு கடிக்கும், பசியில இல்ல, குஞ்சுக்காக. யூடியூப்ல "நூறு சதவீதம் விரால் கிடைக்கும் ட்ரிக்"னு போடறது பெரும்பாலும் இதைத்தான். ஃபிரண்டு வீசக் கை ஓங்கிட்டான். மாமா அவன் கையைப் பிடிச்சு, "அத எடுத்தீன்னா அந்தக் குஞ்சு மொத்தமும் சாயங்காலத்துக்குள்ள மத்த மீனுக்குத் தீனி, தம்பி"ன்னார். எங்க ரெண்டாவது சட்டம் அப்படி வந்தது. அன்னைக்கு எங்களுக்கு ஒரு மீனும் கிடைக்கல, ரெண்டு ஜிலேபியைத் தவிர. ஜிலேபியைக் கணக்குல சேர்க்கக்கூடாதுன்னு குரூப்ல ஒருமனதா முடிவு.

அடுத்து காவிரி. நிறைய பேர் "மேட்டூர்ல போகலாமே"ன்னு கேட்டிருந்தீங்க. மேட்டூர் அணை 1934-ல கட்டி முடிச்சது. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. வழக்கமா ஜூன் 12-ல டெல்டா பாசனத்துக்குத் திறப்பாங்க, ஜனவரி 28 வரைக்கும் ஓடும், தண்ணி இருப்பைப் பொறுத்து முன்ன பின்ன ஆகும். தினமும் பேப்பர்ல "மேட்டூரில் இருந்து 10,000 கன அடி திறப்பு"ன்னு படிச்சிட்டுத் தாண்டிப் போயிடுவோம். ஒரு கன அடி 28.3 லிட்டர். அப்ப பத்தாயிரம் கன அடின்னா விநாடிக்கு ரெண்டு லட்சத்து எண்பத்து மூவாயிரம் லிட்டர். சென்னைக்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, 12,000 லிட்டர் தண்ணி லாரி 23 லாரி, ஒவ்வொரு விநாடிக்கும். அதுக்குக் குறுக்க நாலு கிலோ பிளாஸ்டிக் படகுல நாம. இன்னொரு சின்னக் கணக்கு, 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினா ஒரு டிஎம்சி. அணை நிலவரம் படிக்கிறப்ப இது உபயோகமா இருக்கும்.

மேட்டூருக்குக் கீழே ஆறு நேரா ஓடுற ஆறு இல்ல, படிக்கட்டு. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைன்னு வரிசையா கதவணை, ஒவ்வொண்ணுலயும் மின் உற்பத்தி. கதவணைக்கு மேல தண்ணி ஏரி மாதிரி அசையாம நிக்கும். பூலாம்பட்டிக்குப் போயிருக்கீங்களா? இந்தக் கரை சேலம், அந்தக் கரை ஈரோட்டு நெரிஞ்சிப்பேட்டை, நடுவுல விசைப்படகுல ஆளும் பைக்கும் போயிட்டு வரும். ரீல்ஸ்ல "குட்டி கேரளா"ன்னு போடுவாங்களே, அது. அழகான இடம், நான் மறுக்கல. ஆனா கதவணைக்குப் பக்கத்துல போறது தடை, மின் உற்பத்திக்காக நீர்மட்டம் ஏறும் இறங்கும், நடுவுல மீனவர்கள் வலை. தனியா காயாக் கொண்டு போய் இறங்குற இடம் இது இல்லைன்னு முடிவு பண்ணோம். அங்க போனா அந்தப் படகுல டிக்கெட் எடுத்துப் போங்க, கரையில மீன் வறுவல் சாப்பிடுங்க.

ஒகேனக்கல்ல பரிசல். மூங்கில் பின்னல், முன்னாடி தோல் போர்த்துவாங்க, இப்ப பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். ஒரே துடுப்புல அந்த வட்டமான கூடையை நேரா ஓட்டிக் காட்டுறாங்களே, அந்தப் பரிசல்காரங்க கையில இருக்கிற வித்தையை நம்ம யாரும் ஒரு வாரக் கடைசியில கத்துக்க முடியாது. தண்ணி வரத்து கூடினா மாவட்ட நிர்வாகம் பரிசலையே நிறுத்திடும். நிறுத்தியிருக்காங்கன்னா "நாம சொந்தமா போலாம்"னு அர்த்தம் இல்ல. ஒகேனக்கல்லைச் சுத்தின காட்டுப் பகுதி நிறைய, 2022-ல காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. காவிரிக்கே உரிய பெரிய மஷீர் மீன் அழிவின் விளிம்புல இருக்கு. சரணாலயத்துக்குள்ள தூண்டில் பேச்சே வேண்டாம்.

அப்ப எங்க போறது? மறுபடி மாமாவோட ஆறுதான் வழி காட்டிச்சு. சுவேத நதி எங்க போகுதுன்னு ஒரு நாள் மேப்ல விரலை வச்சுக் கீழ கொண்டு போனேன். வீரகனூர் தாண்டி, ஆத்தூர் பக்கமிருந்து வர்ற வசிஷ்ட நதியோட சேருது. சேர்ந்தா பேர் வெள்ளாறு. சுவேதம்னாலும் வெள்ளைதான், வெள்ளாறுலயும் வெள்ளை இருக்கு. எனக்கு இது முப்பது வயசுக்கு மேலதான் உறைக்குது. தொழுதூர்ல ஒரு அணைக்கட்டு, அங்கருந்து திட்டக்குடி பக்கம் வெலிங்டன் ஏரிக்குத் தண்ணி போகுது. அப்புறம் கூடலையாத்தூர்ல மணிமுத்தாறு வந்து சேருது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி, கடைசில பரங்கிப்பேட்டையில கடல்.

பரங்கிப்பேட்டை கழிமுகத்துல இருக்கு நிஜ பாஸ். கொடுவா. இங்கிலீஷ்ல ஏசியன் சீ பாஸ்னுதான் பேர். ஆஸ்திரேலியாவுல பாராமுண்டின்னு கொண்டாடுறது, வங்காளத்துல பேட்கி, கேரளாவுல காளாஞ்சி, எல்லாம் இதே மீன். என் ஃபிரண்டுகிட்ட "டேய், எங்க ஆத்துலயே பாஸ் இருக்குடா, என்ன, கொஞ்சம் கிழக்கால போகணும்"னு சொன்னப்ப அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே.

கொடுவாவோட வாழ்க்கையே ஒரு ஆத்துப் பயணம்தான். ஆறு கடல்ல சேருற உப்புத்தண்ணியில பிறக்கும். குஞ்சுகள் கழிமுகத்துக்குள்ள, ஆத்துல மேல நன்னீர் வரைக்கும் ஏறி வரும். வளர்ந்து மறுபடி முட்டையிடக் கடலோரம் இறங்கும். முதல் சில வருஷம் ஆண். பெருசான பிறகு பெண்ணா மாறிடும். ஆக நீங்க போட்டோவுக்குத் தூக்கிக் காட்ட ஆசைப்படுற அந்தப் பெரிய மீன் எல்லாம் பெரும்பாலும் முட்டையிடுற பெண். அதனால பெரிசு கிடைச்சா போட்டோ, உடனே தண்ணியில திரும்ப. சாப்பிட ஆசையா இருந்தா நடுத்தரமா ஒண்ணு, எல்லாருக்கும் சேர்த்து. இல்லைன்னா பண்ணைக் கொடுவா வாங்கிக்கலாம். சென்னையில இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லயே இதைத் தொட்டியில குஞ்சு பொரிக்க வச்சிட்டாங்க.

ஒரு வருத்தமும் உண்டு. ஒரு கொடுவாக் குஞ்சு வெள்ளாத்துல மேல ஏறி வரணும்னா சேத்தியாத்தோப்பு அணைக்கட்டே அதுக்குச் சுவர். அதையும் தாண்டினா வரிசையா தடுப்பணை, நடுவுல மணல். அது தம்மம்பட்டிக்கு வராது. நாமதான் கீழ போகணும்.

இப்ப திட்டம். நேரம், தை கடைசி. மழைத்தண்ணி வடிஞ்சு கழிமுகம் தெளியத் தொடங்குற காலம். வெயிலும் தாங்கும். கழிமுகத்துல அணை இல்ல, சுழல் இல்ல. ஆனா வேற ஒண்ணு இருக்கு, ஏற்றமும் வற்றமும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணி திசை மாறும், ஒவ்வொரு நாளும் நேரம் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியில வேகம் கூட. நம்ம கடற்கரையில ஏற்றத்தோட உயரம் ஒரு மீட்டருக்குள்ளதான், ஆனா குறுகலான முகத்துவாரத்துல அந்தத் தண்ணி வெளிய போறப்ப இழுக்கிற இழுப்பு லேசுப்பட்டது இல்ல. அதனால நாங்க ஏற்றம் ஆரம்பிக்கும்போது இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டிட்டு உள்பக்கமா போறோம். தண்ணியே தள்ளிட்டுப் போகும். திசை மாறுறப்ப கொஞ்சம் நின்னு தூண்டில், கொடுவா இரை தேடுறதும் அந்த மாதிரி தண்ணி நகர்ற நேரத்துலதான். வற்றம் தொடங்கினதும் இறங்கின இடத்துக்கே திரும்பி வந்துடுறோம். முகத்துவாரத்துப் பக்கம் ஒருத்தரும் போறதில்ல. தலைகீழா பண்ணினா, கை ஓய்ஞ்ச நேரத்துல தண்ணி நம்மளக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிடும். ஏற்றவற்ற நேரத்துக்கு சர்வே ஆஃப் இந்தியா அட்டவணை வருஷாவருஷம் வருது. ஆப்பும் இருக்கு. ரெண்டையும் விட, கரையில இருக்கிற மீனவர்கிட்ட முந்தின நாள் சாயங்காலம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேக்கிறது நல்லது. வலை எங்க கட்டியிருக்குன்னும் அவர்தான் சொல்லுவார். அவங்க வலையில நம்ம முள் மாட்டினா நரம்பை அறுத்துவிடணும், வலையை இல்ல.

காத்து இன்னொண்ணு. காலையில அடங்கி இருக்கும், மதியத்துக்கு மேல கடல் காத்து ஏறிடும். காத்தடிச்ச காயாக் காத்துல சருகு மாதிரி. அதனால விடியக்காலம் இறங்கி பத்து பத்தரைக்கெல்லாம் கரை.

பக்கத்துலயே பிச்சாவரம். வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற அலையாத்திக் காடு. அங்க சுற்றுலாக் கழகத்தோட படகு இருக்கு, முதல் நாள் அதுல போய் வாய்க்கால் எப்படி இருக்கும்னு பார்த்துக்கப் போறோம். காட்டுக்குள்ள சொந்தப் படகும் தூண்டிலும் கிடையாது.

எடுத்துட்டுப் போறது: ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், படகுல வைக்க இல்ல, உடம்புல போட. விசில். நரம்பு அறுக்க ஒரு சின்னக் கத்தி, கை எட்டுற இடத்துல. ஆள் விழுந்தா வீச ஒரு மிதக்குற கயிறு. தண்ணி ஒரு ஆளுக்கு மூணு லிட்டர், சுத்திலும் தண்ணி இருக்கு, ஒரு சொட்டு குடிக்க முடியாது. எங்க போறோம், எத்தன மணிக்குக் கரைன்னு கரையில ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். நீச்சல் தெரியாத ஃபிரண்டு, ஆமா, அந்த வீடியோ பார்க்கிறவன்தான், அவனுக்கு நீச்சல் தெரியாதுங்கிறதையே அந்தத் தேங்காய்க்கு அப்புறம்தான் சொன்னான். இப்ப ரெண்டு மாசமா நீச்சல் குளத்துக்குப் போறான். இருபத்தஞ்சு மீட்டர் நீந்திட்டான், வீடியோ அனுப்பினான்.

மாமாவும் வர்றேன்னுட்டார். "நம்ம ஆறு எங்க போய்ச் சேருதுன்னு நானும் பார்த்ததில்ல மாப்ள"ன்னார். அறுபத்திரெண்டு வயசு, தம்மம்பட்டியில பிறந்து வளர்ந்த ஆள். போன வாரம் பார்சல்ல ஒரு துடுப்பு அனுப்பியிருக்கார், அவரே செதுக்கினது. கைப்பிடியில ஒரு யாளி முகம், கண்ணெல்லாம் உருட்டி. தூக்கிப் பார்த்தேன், நாலு கிலோவுக்குக் குறையாது. இதை வச்சு நான் எப்படி ஏற்றத்துல துடுப்பு போடப் போறேன்னு தெரியல. போயிட்டு வந்து சொல்றேன்.